முடிவிடம் இல்லாத திரையும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

கடந்த ஏழு மாதங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஆறு மணிக்குக் கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை ஆறு மணிக்குத்தான் எடுக்கிறேன். நண்பர்கள் பலர் ஏன் என்று கேட்டார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்ன பதில்கள் எனக்கே நிறைவு தரவில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கைபேசியைக் குறைக்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, மனக்கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான். பல ஆண்டுகள் நானும் அதை நம்பி, ஒவ்வொரு இரவும் என்னையே கடிந்துகொண்டேன். இப்போது அந்த அறிவுரை நியாயமற்றது என்று நினைக்கிறேன். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலிச் செய்தி குறித்த நேரத்தில் முடிந்துவிடும். கடிதத்தின் அடியில் கையொப்பம் இருக்கும். அந்த முடிவிடங்களில் நாம் தலை நிமிர்ந்து, இனி என்ன செய்யலாம் என்று யோசித்தோம். இணையப் பக்கங்களிலும் தொடக்கத்தில் அப்படி ஓர் எல்லை இருந்தது. கீழே வந்ததும் அடுத்த பக்கத்துக்கான எண்ணை நாமே அழுத்த வேண்டும். 2006இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா உருட்டல் முறை அந்த எல்லையை அகற்றியது. பயனருக்கு வசதியாக இருக்கும் என்று எண்ணிச் செய்த அவரே, பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்குவதும் இதே வகைதான். போதும் என்று சொல்வதற்கான இடத்தையே எடுத்துவிட்டு, போதும் என்று சொல்லத் தெரியாதவர் என்று மனிதரைக் குறை கூறுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத பரிசுக்காக ஓர் உயிர் சலிக்காமல் திரும்பத் திரும்ப முயலும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே புறாக்களைக் கொண்டு காட்டினார். திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கும்போது பத்து முறையில் ஒருமுறை மனத்துக்குப் பிடித்த ஏதோ வந்து நிற்கிறது. அந்த ஒருமுறைக்காகவே மற்ற ஒன்பது முறையும் இழுக்கிறோம்.

இதனால் நேரம் போகிறது என்று மட்டும் சொன்னால் இழப்பைக் குறைத்துச் சொன்னதாகும். மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்துவரும் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் குளோரியா மார்க், 2004இல் அது சராசரியாக இரண்டரை நிமிடம், 2012இல் 75 வினாடி, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 47 வினாடி என்று பதிவு செய்திருக்கிறார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் 2009இல் எழுதிய கட்டுரையில் கவன எச்சம் என்ற பெயரால் விளக்கினார். இரண்டு நிமிடம் கைபேசியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினால் அதே பத்தியை மூன்று முறை படிக்க வேண்டியிருப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதல் சில வாரங்கள் கடினமாகவே இருந்தன. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கைபேசி அலமாரியில் இருக்கும்போதே தொடையருகே அது அதிர்வதுபோல் தோன்றும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வெற்றறையில் கால்மணி நேரம் தம் எண்ணங்களோடு மட்டும் இருக்கச் சொல்லப்பட்ட 18 ஆண்களில் 12 பேர், அதைத் தாள முடியாமல் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். அந்த முதல் ஞாயிறுகளில் அவர்களை என்னால் நன்றாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. என் தந்தைக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவர் பேசும்போது நடுவில் நின்றுவிடுவார். ஒரு பெயரையோ ஓர் ஆண்டையோ தேடிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளிகளில் நான் திரையைப் பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. நான் குனிந்ததும், பேச்சு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போய்விடுவார். அவர் கதைகள் அரைகுறையானவை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். கைபேசி இல்லாத ஒரு ஞாயிறு காலையில், தாம் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நாளைச் சொல்லத் தொடங்கி, வழக்கம்போல் நடுவில் நின்றார். நான் பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாததால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் கழிந்திருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, நாற்பது ஆண்டுகளில் நான் ஒருமுறையும் கேட்டிராத முடிவோடு அந்தக் கதையைச் சொல்லி முடித்தார். அன்று இரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகை இல்லை. கடல் கடந்திருக்கும் பிள்ளையின் முகத்தைக் காட்டுவதும், பார்வையற்றவருக்கு எழுத்தை வாசித்துச் சொல்வதும் இதே கருவிதான். எல்லோராலும் ஒரு நாள் முழுவதும் அணைத்து வைக்க முடியாது என்பதும் தெரியும். நோயாளியைக் கவனிப்பவரும், அழைப்பு வந்தால்தான் அன்றைய வருமானம் என்று வாழ்பவரும் என்னைப்போல் முடிவெடுக்க முடியாது. ஆகவே இதைத் தனிமனிதர்களின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது. பிரான்சில் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் ஊழியர் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்து அவர்களுடைய பிரதிநிதிகளோடு பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலன்றி, பணி நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளைப் படிக்கவோ பதில் தரவோ ஊழியர் மறுக்கலாம். வேலைநாளுக்கும் ஒரு கடைசிப் பக்கம் வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டமே சொல்வதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல அதிகமில்லை. தனியாக ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொண்டதால் படுக்கையருகே கைபேசிக்கு வேலை இல்லாமல் போனது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களிடம் என் மனைவியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு மாலை திரையைத் திறக்கும்போது இருநூறு செய்திகளுக்குக் குறைவாக இருந்ததில்லை. அவற்றில் ஒரு நாள் காத்திருக்க முடியாதவை இந்த ஏழு மாதங்களில் இரண்டே இரண்டு. இரண்டும் மனைவியின் எண் வழியாக உரிய நேரத்தில் என்னை வந்தடைந்தன.