கேஸ்காரன் என்ற பேர் என்றைக்குத்தான் அழியும்?

நேற்று வாய்க்கால் கூட்டத்தில், தூர்வாரும் பணத்துக்குப் பொறுப்பாக எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் பேரை நான் சொன்னேன். பழைய வழக்கு ஒன்றில் தண்டனையை முடித்தவர் அவர். "கேஸ்காரன் கையிலயா ஊர்ப் பணம்?" என்று பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணன் பதிலே பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

தண்டனை முடிந்தால் முடிந்ததுதான். கோர்ட் கொடுத்ததை அனுபவித்தாகிவிட்டது. அதற்கு மேல் தண்டிக்க நாம் யார்?

இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் தம்பிதான் காரணம். குறுவை நாற்றங்காலுக்கு எங்கள் முறைத்தண்ணீர் வந்த ராத்திரி, பங்காளிப் பெரியப்பா மடையை அடைத்துவிட்டார். பத்தொன்பது வயசுக் கோபம், மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். பெரியப்பாவுக்குத் தலையில் ஆறு தையல். ஆயுதத்தால் காயப்படுத்தினான் என்று, அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324ஆம் பிரிவில் வழக்கு, குற்றவாளி என்று தீர்ப்பு. ஆனால் நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பாமல், 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது.

அந்தத் தீர்ப்பு நகலை அம்மா மஞ்சள் பையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். மடிப்பு கிழிந்த இடமெல்லாம் செல்லோடேப். டிரைவர் வேலைக்குப் போன இடத்தில் தம்பி அதை எடுத்து நீட்டினான். மேசையில் இருந்தவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போலீஸ் சரிபார்ப்பில் ஒரு வரி இருந்தது, அவருக்கு அது போதும்.

மறைத்திருக்கலாமே என்பீர்கள். மறைத்தால் கிடைத்த வேலையும் போய்விடக்கூடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வருபவர் தன் மேல் இருந்த வழக்கைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும் என்றது. சின்ன வயசில் செய்த சின்னத் தப்பைப் பெரிதாக்காமல் விடலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. அந்த இரண்டாவது பாதியை யாருமே படிப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் தண்டனை பெற்ற எம்.எல்.ஏ. விடுதலையாகி ஆறு வருஷம் போனால் மறுபடி தேர்தலில் நிற்கலாம். அவருக்கு ஒரு கெடு இருக்கிறது. பதினெட்டு வயசுக்குள் தப்பு செய்தால் ஆவணத்தையே அழிக்க 2015ஆம் வருஷச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் பல தண்டனைகள் இத்தனை வருஷத்தில் காலாவதி என்று 1974லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். என் தம்பிக்குக் கெடு எங்கே?

அடிபட்டவன் வலி தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: தெரியும். அந்தப் பெரியப்பாதான் போன தையில் தம்பி மகள் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து மொய் எழுதினார். அவரே மன்னித்துவிட்டார், உங்களுக்கு என்ன? கொலைகாரனையும் இப்படித்தான் விடுவாயா என்று கமெண்டில் வர வேண்டாம். நான் அதைப் பேசவில்லை.

அண்ணன் ஊர்ப் பணத்தைச் சுருட்டிவிடுவார் என்று பயமா? கணக்கு நோட்டைப் பார்க்க நாலு பேர் இருக்கிறோம். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் ரோட்டில் கிடந்த தென்னையை வெட்டி இழுத்து, பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்கு வழி விட்டது இதே அண்ணன்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அன்றைக்கு ஒருத்தரும் கேஸ் பற்றிக் கேட்கவில்லை. அவர் கை அன்றைக்கு வேண்டியிருந்தது, இன்றைக்கு வேண்டாமா?

ஜூன் 12க்குள் வாய்க்கால் தூர்வார வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் பேரை நானே மறுபடி சொல்லப்போகிறேன். மறுப்பவர்கள் முன்னால் வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.