காசு அக்காவுக்கு இல்லை, சேனலுக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு அக்கா தட்டுவடை செட் விற்கிறார்; இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருவதுதான் செட். அவரைக் காட்டும் யூடியூப் வீடியோவைப் பற்றி, ‘வீடியோவை பத்து லட்சம் பேர் பார்த்தாச்சு, அம்மாப்பேட்டை தட்டுவடை செட் அக்காவுக்கு யூடியூப் லட்ச லட்சமா கொட்டுது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தப்பு. விளம்பர வருமானம் வீடியோ ஏற்றிய சேனலுக்குத்தான் போகும்; முகம் காட்டியவருக்கு யூடியூப் பைசா தராது. சேனலுக்கே சும்மா வராது. 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, இல்லையென்றால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் (யூடியூபின் குட்டி வீடியோ) பார்வை. அப்புறமும் ஷார்ட்ஸ் என்றால், விளம்பர வருமானத்தில் அந்தச் சேனலின் பங்காக ஒதுக்கியதில் 45 சதவீதம்தான் கைக்கு வரும்.

நேற்று சாயங்காலம் நானும் அந்தக் கடையில் நின்றேன். அக்கா பீட்ரூட் துருவலை அள்ளுவதற்குள் நாலு செல்போன்கள் நீண்டன. செட் வாங்கியது என்னவோ இரண்டு பேர்தான், அதில் நான் ஒருத்தன்.