"தாய் எங்க போனவள்?" என்று கேட்கிறவர்களுக்கு

ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று திருகோணமலையில் கதை பரவினால் பிள்ளையைத் தேட முன்பே "தாய் எங்க போனவள்?" என்று கேட்டுவிடுவோம். தகப்பன் எங்கே போனார் என்று எவரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

2007 மே 3ஆம் திகதி போர்த்துக்கலில் காணாமல் போன மடலின் மக்கான் என்ற பிரித்தானியச் சிறுமியைப் பற்றி எனக்கும் நண்பர்களுக்கும் இன்னும் வாக்குவாதம் வரும். பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு, பக்கத்து உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிடப் போன பெற்றோர் அவர்கள். இடையிடையே வந்து பார்த்தார்கள் என்றாலும் பிழை பிழைதான். ஆனால் அதே அறையில் இரண்டு வயது இரட்டையர்களும் தனியாகத்தான் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தனியே விட்டது மட்டுமே காரணம் என்றால், ஒருத்தி மட்டும் எப்படிக் காணாமல் போனாள்? யாராவது தூக்கிப் போயிருந்தால், தூக்குவது என்று முடிவெடுத்தது அந்த ஆள்தான். பெற்றோரின் கவனக்குறைவு அவருக்கு வசதியாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

பழி என்ன ஒரு றாத்தல் பாணா, தாய்க்குக் கால் றாத்தல் வெட்டிக் கொடுத்தால் கடத்தியவனுக்கு முக்கால்தான் மிஞ்சும் என்பதற்கு? எங்கள் தண்டனைச் சட்டக்கோவையும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோவது ஒரு குற்றம். பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனியாமல் விடுவது வேறொரு குற்றம், 1995இல் சேர்த்தது. இரண்டாவது இருக்கிறது என்பதற்காக முதலாவது குறைந்துவிடாது.

யுத்த காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எத்தனை தாய்மாரிடம் "ஏன் அந்த நேரத்தில வெளிய விட்டனீங்கள்?" என்று கேட்டிருப்போம்! கொண்டுபோனவனிடம் கேட்கப் பயம். தாயிடம் கேட்க என்ன பயம்? அந்தத் தாய்மார் இன்னும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள்.

சரி, கவனக்குறைவு மாதிரி, குற்றத்துக்கு வசதியாகிப்போன துணைக் காரணங்களைப் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசலாம். பத்திரகாளி அம்பாள் தேருக்கு முந்தின கிழமை பேசுங்கள். சனத்துக்குள் கை நழுவினால் எங்கே வந்து நிற்பது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பஸ் நிலையத்தில் வெளிச்சம் போதாதென்றால் மாநகர சபையிடம் போய்ச் சண்டை பிடியுங்கள். பிள்ளை போன பிறகு, தேடி அலைகிற தாயை நடு முற்றத்தில் நிறுத்தி விசாரிப்பதை நான் காரணம் தேடுவதாகக் கணக்கில் எடுக்கமாட்டேன்.

இந்த விசாரணைக்குப் பயந்தே சிலர் பொலிஸுக்குப் போகாமல் ஒழுங்கை ஒழுங்கையாகத் தாங்களே தேடுகிறார்கள். அவமானம் வெளியே தெரியமுன் கண்டுபிடித்துவிடலாம் என்ற நப்பாசை. ஒரு நாள் காத்திருக்கத் தேவையில்லை, பொலிஸின் 119க்கோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கோ உடனே எடுக்கலாம் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் ஞாபகம் வராது. அப்படி வீணாகிற முதல் மணித்தியாலத்தையும் துணைக் காரணங்களோடு சேர்த்து எழுதுங்கள். அது தாயின் கணக்கில் வராது, எங்களுடைய கணக்கில்தான் வரும்.