மாற்றுச் செடி என்று ஒரே வரியில் தாண்டிப் போகாதீர்கள்

கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்கிசின் மருந்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு வீடியோ பார்த்தேன். அதில் பேசியவர் சொன்னது: "கோல்கிசினுக்கு ஐரோப்பியச் செடிதான் ஆதாரமாக இருந்தது, மாற்றாக இந்தியாவில் ஒரு காட்டுக்கொடி கிடைத்தது." அவ்வளவுதான். கைதட்டல், அடுத்த ஸ்லைடு. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

காட்டுக்கொடியா? திருப்பூர் மாவட்டத்தில் எங்கள் மூலனூர்ப் பக்கம் அது பயிர். கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூ செங்காந்தள் இதுதான். 1820இல் பிரான்சில் கோல்கிக்கம் என்ற அந்த ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள் இதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செடியில் மருந்து இருப்பது தெரிந்துவிட்டால் மாத்திரை வந்துவிடாது. யாராவது விளைவிக்க வேண்டும்.

இந்தப் பூவில் பெண் பாகமான சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்துக்கு எட்டாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டு அந்தத் தண்டின் நுனியில் இருக்கும் சூல்முடியில் வைக்க வேண்டும். அம்மா விடியும்போதே தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் விரல் நுனியெல்லாம் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு வரிசை பிடிப்பேன். நான் விட்ட பூக்களைப் பின்னாலேயே வந்து தொட்டுவிட்டுப் போவார். இத்தனைக்கும் பெயர் காட்டுக்கொடி.

"காசுக்குத்தானே செய்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். ஆமாம், காசுக்குத்தான். அது ஒழுங்காக வந்ததா? ஒரு வருஷம் நல்ல விலை சொன்ன வியாபாரி, விதை காய்ந்து மூட்டை கட்டிய பிறகு பாதி விலைக்குக் கேட்டார். வேறு யாரிடம் போவது? தக்காளி என்றால் சந்தையில் கூறு கட்டியாவது விற்கலாம், மிஞ்சினால் குழம்பு வைக்கலாம். இதை என்ன செய்வது? மூட்டைகள் மாதக்கணக்கில் திண்ணையில் கிடந்தன. அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட அம்மாவின் வளையல் போனது. கேட்ட விலைக்கே கடைசியில் கொடுத்தோம்.

"விஷச்செடி ஆச்சே" என்றால், விஷம்தான். அளவு மீறினால் மாத்திரையும் விஷம்தான். 2023இல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க அனுமதித்தது வெறும் அரை மில்லிகிராம் கோல்கிசின் மாத்திரையை.

போன வருஷம் அப்பாவுக்கு யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கியபோது டாக்டர் எழுதியதும் கோல்கிசின்தான். அம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம வெதையா கண்ணு?" என்றார். இருக்கலாம்மா என்றேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மீதி அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.