பரணில் கிடந்த 11 டைரிகள்

பொங்கலுக்குப் பரணை ஒதுக்கியபோது 11 டைரிகள் கிடைத்தன. எல்லாம் புத்தாண்டுக்கு யார் யாரோ விளம்பரத்துக்காகக் கொடுத்தவை. 2017 டைரியில் மட்டும் ஜனவரி 4 வரை என் கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்தான். கூடவே முள் நின்றுபோன மேஜைக் கடிகாரம் ஒன்று, பெயர் அழிந்த சாவிக்கொத்துகள் ஏழெட்டு. பழைய பேப்பர்காரர் டைரிகளின் ரெக்ஸின் அட்டையைப் பிய்த்து எங்கள் வாசலிலேயே போட்டுவிட்டுத்தான் தராசில் வைத்தார்.

அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் பொதுத்துறை வங்கிகளும் இனி டைரி, காலண்டர் அச்சிட வேண்டாம், டிஜிட்டலில் கொடுங்கள் என்று மத்திய நிதி அமைச்சகம் 2020 செப்டம்பரில் உத்தரவிட்டபோது கைதட்டியவன் நான். டைரி விஷயத்தில் இன்றும் அதே கட்சிதான். காலண்டரில் கட்சி மாறிவிட்டேன்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிறார்களே, அந்தத் தினசரி காலண்டரைச் சொல்கிறேன். காலையில் ராகு காலம், எமகண்டம் பார்க்கிறோம். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அம்மா பால் கணக்கு எழுதுகிறார். திருநீறு மடிப்பதும் அதில்தான். டிசம்பரில் மிஞ்சும் அட்டையைக்கூடப் பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சை அட்டையாக்கிக்கொள்வான். கடைசித் தாள்வரை உபயோகப்படுகிற விளம்பரப் பொருள் வேறு எது இருக்கிறது?

இந்த வருடம் நாங்கள் சீட்டு கட்டும் நகைக்கடை, ‘பசுமைப் பரிசு’ என்று ஒரு காலண்டர் செயலியின் இணைப்பை அனுப்பியது. ராகு காலம் காட்டுவதற்கு அது என் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்டது. (ராகுவுக்கு என் மைத்துனர் எண் எதற்கு?) கொடுத்துத் தொலைத்தேன். அன்று மாலையே தங்கம் விலை, மறுநாள் காலை சேதாரத் தள்ளுபடி, மதியம் அட்சய திருதியை முன்பதிவு. மூன்றாம் நாள் நீக்கிவிட்டேன். காகிதம் மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். பரிசு எங்கே?

மிக்ஸி வாங்கிய கடைக்காரர் எனக்குப் பையும் தரவில்லை, பேனாவும் தரவில்லை. பில்லையும் உத்தரவாத அட்டையையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உத்தரவாதம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, “ஏதாவது பழுது இருந்தால் கொண்டுவாருங்கள் சார்” என்று ஒரு வரி வந்தது. ஜாரின் அடியில் கசிவு இருந்தது, காசில்லாமல் மாற்றிக்கொடுத்தார். அதன்பிறகு கிரைண்டரும் அங்கேதான் வாங்கினேன்.

அம்மா தை மாதம் முழுக்க வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், காசு கொடுத்தே ஒரு தினசரி காலண்டர் வாங்கி வந்துவிட்டார்.