தேனீப் பெட்டி வைத்தால் கோழி போச்சா?

"வீட்டில் தேனீப் பெட்டி வைத்தால் கோழிகளைக் கொட்டியே கொன்றுவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நம் ஊர்ப் பெட்டிகளில் வளர்ப்பது பெரும்பாலும் பொந்துத் தேனீ. சீண்டாதவரை அது கோழியைக் கண்டுகொள்ளாது. கோழிகளோ பெட்டியடியில் விழும் செத்த தேனீக்களையும் மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொத்தித் தின்னும். எப்போதாவது உயிருள்ள தேனீயும் அகப்படும். ஆயிரக்கணக்கில் இருக்கும் கூட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.

ஆனால் பயம் முழுக்கக் கற்பனையும் அல்ல. கலைந்த தேனீக்களிடம் அடைபட்ட கோழி சிக்கினால் சாகலாம். மேய்கிற கோழி ஓடிவிடும், கூண்டுக்கோழி எங்கே ஓடும்? அதனால் பெட்டி வாசலைக் கூண்டுக்கு எதிர்த்திசையில் வையுங்கள். தேன் எடுக்கும் நாளில் கோழிகளைத் தூரமாக விடுங்கள். கோடையில் கோழித் தண்ணீரைத் தேனீக்கள் மொய்க்கும். பெட்டியருகே கூழாங்கல் போட்ட தட்டில் தனியாகத் தண்ணீர் வைத்தால் தொல்லை குறையும்.

மரத்தில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ வேறு கதை. அதன் பக்கம் கோழியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.