பலகைக்கு ஐந்து நிமிடம், பில்லுக்கு நள்ளிரவு

டெக்சாஸ் சட்டமன்றத்தில், போரில் உயிர்விட்ட ஒருவரின் பெயரை நெடுஞ்சாலைக்குச் சூட்டும் மசோதா கமிட்டிக்கு வந்தால் சண்டையே இருக்காது. மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் அந்த வீரரைப் பற்றி நாலு வரி வாசிப்பார். அம்மாவோ மனைவியோ மைக் முன்னால் வந்து உட்கார்ந்து, குரல் தழுதழுக்க இரண்டு நிமிடம் பேசுவார். கமிட்டித் தலைவர் நன்றி சொல்வார், கட்சி பேதமில்லாமல் எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள், வெளியே வராந்தாவில் குடும்பத்தோடு நின்று படம். ஓட்டெடுப்பில் எதிர்ப்பு விழுந்து நான் பார்த்ததில்லை.

அதே கட்டடத்தில் அவசர சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் மசோதா ஒன்று வரட்டும். அறை நிரம்பி வழியும். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆட்கள் ஒரு பக்கம், மருத்துவமனைச் சங்கங்கள் ஒரு பக்கம், எமர்ஜென்சி டாக்டர்கள் ஒரு பக்கம். வந்தவர்களில் பாதிப் பேர் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். பில் கட்ட முடியாமல் திணறியவர் என்று ஒருவரோ இருவரோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னாள் ராணுவத்தினருக்கு இந்த மாநிலம் தரும் மரியாதையை நான் முதல் அறையை வைத்து எடைபோட மாட்டேன். இரண்டாவது அறையை வைத்துத்தான் போடுவேன்.

பலகை விஷயத்தில் ஒரு தகவல் பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலைக்குப் பெயர் வைக்கச் சட்டம் போடுவது மாநிலம். பலகை செய்து நடுவதற்கான பணத்தை நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது குடும்பமும் நண்பர்களும். தனியார் பணம் வந்தால்தான் போக்குவரத்துத் துறை பலகை வைக்கும், வராவிட்டால் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று போக்குவரத்துச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மசோதா அவ்வளவு சுலபமாக நிறைவேறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கருவூலத்திலிருந்து காசு போகாத மரியாதைக்கு யார் குறுக்கே நிற்பார்கள்?

இதற்காக நான் நினைவுச் சின்னங்களை மட்டம் தட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்டினில் சட்டமன்ற வளாகத்தில் வியட்நாம் போர் வீரர்களுக்கான வெண்கலச் சின்னம் இருக்கிறது, 14 அடி உயரம். 2005ல் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது, திறந்தது 2014 மார்ச் 29ல். 1973ல் கடைசி அமெரிக்கப் போர்ப்படை வியட்நாமை விட்டு வெளியேறிய அதே தேதி. அந்தப் போரில் இறந்த டெக்சாஸ்காரர்கள் 3,417 பேர். ஒவ்வொருவர் பெயரும் பொறித்த 3,417 அடையாளத் தகடுகளைச் சின்னத்துக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. ஆஸ்டின் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். நானே வீட்டுக்கு வரும் உறவினர்களையெல்லாம் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆனால் அந்தப் போரிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் இப்போது எழுபதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். நெஞ்சுவலியும் பக்கவாதமும் வருகிற வயது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவர் இருக்கிறார். வாசலில் கொடி, காரில் படைப்பிரிவின் ஸ்டிக்கர். ஒரு சனிக்கிழமை மாலை நெஞ்சில் அழுத்தம் என்று மனைவி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் சிவப்பு எமர்ஜென்சி பலகையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். நெயில் சலூனுக்கும் டாக்கோ கடைக்கும் நடுவில் ஸ்ட்ரிப் மாலில் பளபளவென்று இருக்கும். தோல் சோபா, காபி மெஷின், காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்து, மாரடைப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பில் பிறகு வந்தது. 65 வயது தாண்டியவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், அந்த இடம் எந்த மருத்துவமனைக்கும் சொந்தமில்லாத தனி எமர்ஜென்சி மையம். டெக்சாஸ் 2009ல் ஒரு சட்டம் போட்டு இப்படிப்பட்ட மையங்களுக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. கொஞ்ச வருடத்திலேயே 200க்கு மேல் முளைத்துவிட்டன. மாநிலம் உரிமம் கொடுத்தாலும் மெடிகேர் இவற்றை அங்கீகரிப்பதில்லை. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், தற்காலிகமாக ஒரு விலக்கு கொடுத்தார்கள். 2023 மே மாதம் பொதுச் சுகாதார அவசரநிலை முடிந்ததும் அதுவும் முடிந்தது. ஆக, 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தச் சிவப்பு பலகை ஒரு பொறி. ராணுவத்தினரின் டிரைகேர் இன்சூரன்ஸும் மருத்துவமனையோடு சேராத மையங்களின் வசதிக் கட்டணத்தை, அதாவது டாக்டர் பில் போக அந்த இடத்துக்கென்று தனியாகப் போடும் கட்டணத்தை, ஏற்காது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களிலேயே பலருக்குத் தெரியாது. விஏ என்பது முன்னாள் ராணுவத்தினர் நலனுக்கான மத்திய அரசுத் துறை. அதன் மருத்துவமனை தவிர வேறெங்காவது அவசர சிகிச்சைக்குப் போனால், சிகிச்சை தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் விஏவுக்குத் தகவல் போக வேண்டும். போனால், மற்ற தகுதிகள் இருக்கும் பட்சத்தில் அவர்கள் செலவை ஏற்க வழி உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை அங்கே யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் எங்கே கேட்பார்! பில் வந்து சேர்வதற்குள் 72 மணி நேரம் எப்போதோ போய்விட்டது.

சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கிறார்கள். 'இது தனி எமர்ஜென்சி மையம், மருத்துவமனை எமர்ஜென்சி அளவுக்குக் கட்டணம் வரும், வசதிக் கட்டணமும் உண்டு, டாக்டர் தனியாக பில் போடலாம், நாங்கள் உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இல்லாமலும் இருக்கலாம்' என்று வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். நெட்வொர்க் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியோடு கட்டண ஒப்பந்தம் போட்டிருக்கும் டாக்டர்கள், மருத்துவமனைகளின் பட்டியல். 2019ல் இன்னும் இறுக்கினார்கள். நெட்வொர்க்கில் இல்லாத மையம் 'உங்கள் இன்சூரன்ஸை ஏற்கிறோம்' என்று விளம்பரம் செய்யக்கூடாது, கட்டண விவரத்தை நோயாளியிடம் தாளில் கொடுக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். அதே 2019ல்தான் திடீர் பில்லைத் தடுக்கும் சட்டமும் வந்தது. நெட்வொர்க்கில் இல்லாத எமர்ஜென்சி டாக்டரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் தொகையைத் தங்களுக்குள் மத்தியஸ்தத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும், நோயாளியை நடுவில் இழுக்கக்கூடாது.

நம்மவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாநிலச் சட்டம் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் இன்சூரன்ஸ் திட்டங்களுக்குத்தான். ஐடி கம்பெனிகளில் பெரும்பாலும் கம்பெனியே பணம் போட்டு நடத்தும் திட்டம், அது மத்திய சட்டத்தின் கீழ் வரும். நமக்குப் பாதுகாப்பு 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த மத்திய அரசின் நோ சர்ப்ரைசஸ் சட்டத்தால் கிடைத்தது. அதிலும் சாலை ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். டெக்சாஸ் 2023ல் அதற்குத் தனியாக ஒரு சட்டம் போட்டது, அதுவும் மாநிலத் திட்டங்களுக்கு மட்டும். அப்புறம் டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறதே, இன்சூரன்ஸ் பணம் கொடுக்கத் தொடங்கும் முன் வருடாவருடம் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, அதை எந்தச் சட்டமும் தொடவில்லை. 3,000 டாலர் டிடக்டிபிள் வைத்துக்கொண்டு குழந்தைக்குக் காய்ச்சல் என்று சிவப்பு பலகைக்குள் நுழைந்தால், நெட்வொர்க்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை கடிக்கும். சின்ன உபாதைகளுக்கான அர்ஜென்ட் கேர் கிளினிக் என்று நினைத்து உள்ளே போனவர்களின் கதை நம் வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒன்றாவது வருகிறது.

மையங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்கிறார்கள், எந்நேரமும் ஒரு டாக்டர் இருந்தாக வேண்டும், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பெரிய மருத்துவமனை எமர்ஜென்சியில் கை உடைந்த பிள்ளையோடு நாலு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இவை எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தைப் பாருங்கள். ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி, ஷுகர்லேண்ட் மாதிரி நல்ல இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கும் ஊர்களாகப் பார்த்துத்தான் கடை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் 2010க்குப் பிறகு கிராமப்புற மருத்துவமனைகள் அதிகம் மூடப்பட்ட மாநிலம் எது என்று கேட்டால், டெக்சாஸ்தான்.

மேற்கு டெக்சாஸில் கார் ஓட்டிக்கொண்டு போனால் இது உறைக்கும். வீரர் பெயர் தாங்கிய பச்சைப் பலகை ஒன்று கடக்கும். அந்தக் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மருத்துவமனையே இருக்காது. அந்தச் சாலையில் விபத்து நடந்தால் அடுத்த எமர்ஜென்சிக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். படுக்கைகளை மூடிவிட்டு எமர்ஜென்சியை மட்டும் நடத்தும் கிராமப்புற மருத்துவமனைகளுக்கு உரிமம் கொடுக்க டெக்சாஸ் 2019லேயே வழி செய்தது, 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசும் அதற்குப் பணம் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மாதிரி மசோதாக்கள் கமிட்டிக்கு வந்தபோது யாரும் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டையும் நான் ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்று சிலர் கேட்பீர்கள். அமெரிக்காவின் அவசர சிகிச்சையே போரிலிருந்து வந்ததுதான். 1966ல் தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டது. பலத்த காயம்பட்டால் சாதாரண நகரத் தெருவைவிடப் போர்க்களத்தில் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று கொரியா, வியட்நாம் போய் வந்த நிபுணர்கள் சொல்வதாக அதில் இருந்தது. அன்றைக்கு நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியது இறுதிச்சடங்கு நிலையங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோக வசதியான நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது! ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போவது, வழியிலேயே சிகிச்சையைத் தொடங்குவது எல்லாம் போர்க்கள மருத்துவர்கள் கற்றுக்கொண்டு வந்தவை.

பிறகும் அது நிற்கவில்லை. ரத்தம் கொட்டினால் கை காலை இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையைக் கடைசி வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அது உயிர்களைக் காப்பாற்றியதைப் பார்த்தபிறகு மாற்றிக்கொண்டார்கள். 2018 மே மாதம் சான்டா ஃபே பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது, மறுவருடமே டெக்சாஸ் பள்ளிகளில் ரத்தப்போக்கை நிறுத்தும் பெட்டிகள் வைக்கச் சட்டம் வந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கும் பயிற்சி தர முன்வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. சான் அன்டோனியோவில் 2018லிருந்து ஆம்புலன்ஸிலேயே முழு ரத்தம் (கூறு கூறாகப் பிரிக்காத ரத்தம்) ஏற்றுகிறார்கள், அதுவும் ராணுவ வழக்கம்தான். 2022 மே 24ல் யுவால்டி ஊரின் பள்ளியில் அந்தத் துப்பாக்கிச்சூட்டுக் கொடுமை நடந்த அன்று சான் அன்டோனியோவிலிருந்துதான் ஹெலிகாப்டரில் முழு ரத்தம் போனது. வெண்கலத்தில் எதுவும் செய்யாமலே அந்த வீரர்கள் விட்டுப்போன சின்னம் இது. இதைப் பராமரிப்பது ஒழுங்குமுறைச் சட்டங்கள் போடும் கமிட்டிகளின் வேலை.

நான் ஒருமுறை அப்படியொரு கருத்துக்கேட்புக்குப் போயிருந்தேன். மைக் முன்னால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதே எனக்கு ஆச்சரியம், நம்மூரில் மசோதா மீது பொதுமக்கள் போய்ப் பேசும் வழக்கம் கிடையாது. வராந்தாவில் ஐபேட் வைத்திருப்பார்கள். பெயர், ஊர், யாருக்காகப் பேசுகிறீர்கள், ஆதரவா எதிர்ப்பா இல்லை சும்மா மசோதா பற்றியா என்று தட்டிவிட்டால் போதும். குடியுரிமை எல்லாம் யாரும் கேட்கவில்லை. மூன்று நிமிடம் கொடுப்பார்கள், கூட்டம் அதிகமென்றால் இரண்டு. கஷ்டம் வேறிடத்தில். காலையில் எட்டு மணிக்குத் தொடங்கும் கமிட்டி, பத்து மணி வாக்கில் அவை கூடுகிறது என்று எழுந்துபோய்விடும். அவை கலைந்தபிறகுதான் திரும்ப வரும். அது சாயங்காலமா, ராத்திரியா, யாருக்கும் தெரியாது. நிலத்தடியில் இருக்கும் அந்த அறைகளில் ஜன்னல்கூடக் கிடையாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடிகிறவர்கள் யார்? கம்பெனிகளுக்காகவும் சங்கங்களுக்காகவும் பேச அதற்கென்றே சம்பளம் வாங்கும் லாபியிஸ்ட்தான். எழுபத்தெட்டு வயதுக்காரர் மருந்து நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கடைசியில் தலைவர் மசோதாவை நிலுவையில் வைப்பதாகச் சொல்லி முடித்தார். பல மசோதாக்கள் அந்த நிலுவையிலேயே செத்துப்போகும். சட்டமன்றம் கூடுவதே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்.

எனக்குப் பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. நினைவுப் பலகைக்கான செலவை மாநிலமே ஏற்கட்டும், மாநில பட்ஜெட்டில் அது ஒரு தூசு. எமர்ஜென்சி மையத்தில் நோயாளியிடம் கொடுக்கிற தாளில் மெடிகேர் இங்கே செல்லாது, விஏவுக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள் என்று இரண்டு வரி பெரிய எழுத்தில் சேர்க்கட்டும், அந்தத் தகவலைச் சொல்லும் பொறுப்பையும் மையத்தின் தலையிலேயே கட்டட்டும். பேச வருகிற சாதாரண மக்களை லாபியிஸ்டுகளுக்கு முன்னால் கூப்பிடட்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், தலைவர் நினைத்தால் போதும்.

அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12ல் தொடங்குகிறது. கருத்துக்கேட்பு மார்ச், ஏப்ரலில் சூடுபிடிக்கும். அப்படி பில் வாங்கியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், பில்லையும் இன்சூரன்ஸ் அனுப்பிய கடிதத்தையும் தூக்கிப்போடாமல் வையுங்கள். டாலஸ் பக்கத்திலிருந்து ஆஸ்டினுக்கு மூன்றரை மணி நேரம், என் வண்டியில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், ராத்திரி ஆகலாம்.